ஏரிக்கரையா, ஈபேர்டா? இளங்கலை ப்ராஜெக்டுக்கு எது சரி

விலங்கியல் மூன்றாம் ஆண்டில் பறவைகள் பற்றி ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். ஒரு ஏரிக்குப் போய்த் தானே எண்ணலாம். பறவை ஆர்வலர்கள் பார்த்ததைப் பதிவேற்றும் இணையதளமான ஈபேர்டில் குவிந்து கிடக்கும் பதிவுகளை எடுத்து அலசலாம். கைடு நடத்திவரும் ஆய்வில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளலாம். எது சுலபம் என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், உங்கள் கேள்விக்கு எத்தனை பருவங்கள் வேண்டும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் ஆறாவது செமஸ்டர் பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நிரம்பிய ஏரிகள் மெல்ல வற்றுகிற காலம் அது. வலசை வந்த வாத்துகள் மார்ச்சில் கிளம்பத் தொடங்கிவிடும். நேரில் எண்ணுகிறவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு பருவம், அதிலும் பின்பாதி. 'மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே பறவை இனங்களின் வேறுபாடு' என்று ப்ரொபோசலில் எழுதிவிட்டு ஏரிக்குப் போனால், அந்தத் தலைப்பே உங்களைக் கவிழ்த்துவிடும்.

அதே நாட்களுக்குள் அழகாக அடங்குகிற கேள்விகளும் உண்டு. நீர்மட்டம் இறங்க இறங்க, கரைச் சேற்றில் இரைதேடும் பறவைகள் கூடுகின்றனவா? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரையில் இரண்டு மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் காலையில் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் நின்று, நூறு மீட்டருக்குள் தெரிவதை மட்டும் எழுதினால் போதும். நீர்மட்டத்துக்கு, மதகுப் படிக்கட்டில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணி, அதே இடத்திலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். வாரம் இரு முறை என்றால் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை சுமார் இருபத்தாறு முறை போகலாம். பொங்கல் விடுமுறையும் இன்டர்னல் தேர்வும் போக இருபது தேறும். ப்ரொபோசலில் இருபது என்றே போடுங்கள். இருபத்தாறு என்று எழுதிவிட்டு வைவாவில் கணக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நேரில் எண்ணுவதில் உண்மையான சிக்கல் அடையாளம் காண்பதில்தான். தாழைக்கோழியும் முக்குளிப்பானும் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கரைச் சேற்றில் இரைதேடும் உள்ளான் வகைகள் அப்படியல்ல. குளிர்காலத்தில் பலவும் ஒரே மங்கலான சாம்பல் பழுப்பில்தான் இருக்கும். அதனால் 'இனம் பிரிக்க முடியாத சிறு உள்ளான்' என்று ஒரு பிரிவை ப்ரொபோசலிலேயே வைத்துவிடுவது நேர்மை. இன்னொன்று அனுமதி. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அது கைக்கு வரும்போது பறவைகள் கிளம்பியிருக்கும். வேடந்தாங்கலை விட்டுவிட்டு ஊர் ஏரியை எடுங்கள்.

இப்போது ஈபேர்ட். இதை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது. பறவை ஆர்வலர்கள் பார்த்ததைப் பதிவேற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான் சேர்கிறது. ஆய்வுக்கு என்று விண்ணப்பித்தால் தரவு இலவசம். சென்னை ஏரிகளில் ஊசிவால் வாத்து பத்தாண்டுகளில் குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஏரிக்கரையில் நின்று விடை காணவே முடியாது. இங்கே தரவுதான் ஒரே வழி. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது இந்தப் பதிவுகளைக் கொண்டுதான்.

ஆனால் 'இணையத்தில் இருக்கிறது, வேலை மிச்சம்' என்று இதை எடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பதிவேற்றுபவர்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகியிருக்கிறார்கள். பதிவுகளை அப்படியே கூட்டினால் எல்லாப் பறவைகளும் பெருகியதாகத்தான் தெரியும். பார்த்த எல்லா இனங்களையும் எழுதிய முழுப் பட்டியல்களை மட்டும் எடுத்து, நூறு பட்டியலில் எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்று விகிதம் பார்க்க வேண்டும். பட்டியல் முழுமையாக இல்லையென்றால், பறவை இல்லாததால் எழுதவில்லையா, எழுதாமல் விட்டார்களா என்றே தெரியாது. மிக நீண்ட நேரம் சுற்றி எழுதிய பட்டியல்களைக் கழிக்க வேண்டும். மக்கள் ஞாயிற்றுக்கிழமை போவார்கள், பெயர்பெற்ற இடத்துக்கே போவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் புள்ளியியல் அலசலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது செமஸ்டரிலேயே அதைத் தொட்டுப் பார்க்காதவர் இந்த வழிக்கு வர வேண்டாம்.

இரண்டில் எது என்று கேட்டால், இளங்கலை அளவில் நான் ஏரிக்கரைப் பக்கம்தான். தரவில் தவறு நடந்தால் அது எங்கே நடந்தது என்று முதல்முறை செய்கிறவருக்குத் தெரிவது கடினம். கரையில் அப்படியல்ல. பனி மூடியிருந்தது, யாரோ வலை வீசினார்கள், நாய்கள் புகுந்தன என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பீர்கள். எண் ஏன் அன்று குறைந்தது என்று புற மதிப்பீட்டாளர் கேட்டால் பதில் கையில் இருக்கும். பறவை வரவே இல்லை என்றாலும் அது ஒரு முடிவுதான், கேள்வியை அதற்கேற்ப அமைத்திருந்தால்.

யுஜிசியின் 2022 கட்டமைப்பின்படி நான்காம் ஆண்டு ஆய்வு ஆனர்ஸ் படிக்கிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களின் ஆய்வேட்டுக்கு 12 கிரெடிட், கையில் ஒரு முழு ஆண்டு. அவர்கள் இரண்டு பருவங்களை ஒப்பிடத் துணியலாம்.

கைடின் ஆய்வில் சேர்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைநோக்கி கிடைக்கும், உள்ளானைச் சரிபார்த்துத் தர ஒரு பிஎச்டி அக்காவோ அண்ணனோ இருப்பார். ஆனால் ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: "சார், இதுல எனக்குன்னு தனியா ஒரு கேள்வி இருக்குமா?" அவர் உடனே ஒரு கேள்வியைச் சொன்னால் தயங்காமல் சேருங்கள். 'முதல்ல டேட்டா எடும்மா, அப்புறம் பார்க்கலாம்' என்றால், அடுத்த நாளே ஊர் ஏரிக்குப் போய் மதகுப் படிகளை எண்ணத் தொடங்கலாம்.