ஐந்து கடன், ஒரே தேதி: புதுக் கடன் எடுக்காமல் கட்டி முடிக்கும் முறையை நெடுநாள் ஓட்டினால் தெரிவது

ஒரு பர்சனல் லோன், ஒரு கிரெடிட் கார்டு நிலுவை, போன் வாங்கிய இஎம்ஐ, தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சம், போதாததற்கு அடகில் நகை. இந்த நிலையில் இருப்பவருக்கு வாரம் ஒரு போன் வரும்: "எல்லாத்தையும் சேர்த்து ஒரே லோனா போட்டுக்கலாம் சார்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த லோன் வந்து கார்டை அடைத்ததும் கார்டின் லிமிட் முழுதாகத் திறந்துவிடும். ஆறு மாதத்தில் கார்டும் நிரம்பும், பெரிய லோனும் நிற்கும்.

இங்கே பேசப்போவது வேறு வழி. கடன்கள் அப்படியே இருக்கும்; அவற்றுக்குப் பணம் போகும் கணக்கு, தேதி, மாதத் தொகை மூன்றையும் ஒன்றாக்குவது. அமெரிக்காவில் கடன் ஆலோசனை அமைப்பிடம் மாதம் ஒரு தொகை கட்டினால் அவர்களே கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்று முதல் ஐந்து ஆண்டுத் திட்டம் அது. நம் ஊரில் முன்னோடி வங்கிகள் நடத்தும் நிதி எழுத்தறிவு மையங்களில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். பணத்தைப் பிரித்துக் கட்டும் வேலை மட்டும் நம்முடையது.

பட்டியல்: வட்டியை ஒரே மொழியில் எழுதுவது

முதல் வேலை சிபில் அறிக்கை எடுப்பது. நம் கடன் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். மறந்துபோன சின்னச் சின்ன ஆப் கடன்கள் அதில்தான் தலைகாட்டும். கைமாற்று, தண்டல், சீட்டுப் பாக்கி எதுவும் அதில் வராது. அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.

பட்டியலில் சறுக்கும் இடம் வட்டி. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கில் சொல்வார்கள். ரெண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 24 மாதத்துக்கு, ஆண்டுக்கு 12 சதவீத ஃப்ளாட் வட்டி (கடைசிவரை முழு அசலுக்கும் வட்டி) என்று கடையில் சொன்னால், குறையும் நிலுவைக் கணக்கில் அது ஏறக்குறைய 21.6 சதவீதம். கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 49.56. தண்டல்தான் இதில் உச்சம்: 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூல். பார்க்க 15 சதவீதம் போலத் தெரியும். நிலுவை நாளுக்கு நாள் குறைவதால் ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். தண்டல் ஓடிக்கொண்டிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை நிறுத்த வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஒவ்வொரு வரியிலும் நிலுவை, ஆண்டு வட்டி, மாதத் தவணை, மீதி மாதம், எந்த வங்கிக் கணக்கிலிருந்து போகிறது, முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்ற ஆறும் இருக்க வேண்டும். ஆறாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் அடி விழும். பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. முதல் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் அடைக்கவே விடாத ஒப்பந்தங்களும் உண்டு.

ஒரே கணக்கு, ஒரே தேதி

சம்பளக் கணக்கு வேறு, கடன் கணக்கு வேறு. குறைந்தபட்ச இருப்புத் தொல்லை இல்லாத ஒரு சேமிப்புக் கணக்கை இதற்கென்றே வைத்து, அதன் டெபிட் கார்டை வெளியே எடுக்காமல், யுபிஐயிலும் இணைக்காமல் விட வேண்டும். சம்பளம் வந்த மறுநாள் நிலையான தொகை ஒன்று அதற்குப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போடுவது. தவணைகள் எல்லாம் அங்கிருந்து 5ஆம் தேதி வாக்கில் போக வேண்டும்.

இந்தக் கணக்கு நமக்குக் கார்டு பாக்கி இருக்கும் அதே வங்கியில் இருக்கக்கூடாது. பாக்கி தவறினால் அந்த வங்கி நம் சேமிப்பில் இருக்கும் பணத்தைப் பிடித்துவைக்கவும், கடனுக்கு ஈடுசெய்துகொள்ளவும் முடியும். கார்டுக்காக அவர்கள் கைவைக்கும் பணம், 5ஆம் தேதி லோனுக்குப் போக வேண்டிய பணமாக இருக்கும்.

தேதி மாற்றம் கார்டில் சுலபம். பில் சுற்றைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. லோனில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சிலர் இரண்டு மூன்று தேதிகள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி கேட்பார்கள். சிலர் முடியாது என்றே சொல்லிவிடுவார்கள். முடியாவிட்டால் பெரிய நட்டமில்லை. பணம் 2ஆம் தேதியே அந்தக் கணக்கில் காத்திருந்தால், தவணை 3இல் போனாலும் 10இல் போனாலும் ஒன்றுதான்.

முறை முழுவதிலும் அதிகம் சொதப்புவது மேண்டேட் (தவணையைத் தானாகப் பிடிக்க வங்கிக்கு நாம் தரும் அனுமதி) மாற்றம்தான். தவணையைப் புதுக் கணக்கிலிருந்து எடுக்கச் சொல்லிப் புது மேண்டேட் போட்டதும் பழையது தானாகச் செத்துவிடும் என்று நினைக்கிறோம். சாகாது. பதிவாக நாள் பிடிக்கும். அந்த மாதத் தவணைக் கோப்பு ஏற்கெனவே பழைய வங்கிக்குப் போயிருக்கும். விளைவு: பழைய கணக்கில் பணமில்லை என்று பவுன்ஸ், அல்லது இரண்டு கணக்கிலிருந்தும் இரண்டு தவணை. மாற்றும் மாதத்தில் இரண்டிலும் ஒரு தவணைப் பணம் வைப்பதே பாதுகாப்பு. புதுக் கணக்கிலிருந்து ஒரு தவணை போனதைப் பார்த்த பிறகு, பழைய மேண்டேட்டின் யூஎம்ஆர்என் என்ற அடையாள எண்ணைச் சொல்லி ரத்து செய்ய வேண்டும்.

பவுன்ஸ் என்பது எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. 7,900 தவணைக்கு இருப்பு 7,860 என்றால் 7,860ஐ எடுத்துக்கொள்ளாது, முழுதும் திரும்பும். நம் வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். 40 ரூபாய்க்கு ஆயிரம் போகும். 2021 ஆகஸ்ட் முதல், தவணைகளைப் பிடிக்கும் நாச் அமைப்பு வாரத்தின் ஏழு நாளும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதானே, திங்கள் போடலாம் என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. கடன் கணக்கில் ஒரு சின்னத் தவணை அளவுக்காவது எப்போதும் உபரி கிடக்க வேண்டும் என்பது இதனால்தான்.

கார்டு: கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்

நிலுவை 1,20,000, மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 4,200, ஜிஎஸ்டி 756, ஆக 4,956. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 5 சதவீதம், 6,000. அதைக் கட்டினால் அசலில் குறைவது 1,044 மட்டும். பாக்கி இருக்கும்வரை வட்டியில்லாக் காலமும் கிடையாது. இன்று வாங்கும் பாலுக்கும் இன்றே வட்டி ஓடும்.

இதே நிலுவையை அதே வங்கியிடம் ஆண்டுக்கு 15 சதவீதத்தில் 24 மாத இஎம்ஐயாக மாற்றச் சொன்னால் தவணை 5,818. முதல் மாதம் வட்டிப் பகுதி 1,500. அதற்கு ஜிஎஸ்டி 270. ஆக 6,088. மினிமம் டியூவைவிட 88 ரூபாய் கூட, ஆனால் 24 மாதத்தில் முடியும். மொத்த வட்டி ஏறக்குறைய 19,640, ஜிஎஸ்டி 3,535, இதுபோக ஒரு பிராசசிங் கட்டணம். இது புதுக் கடன் இல்லையா என்று கேட்கலாம். கையில் புதுப் பணம் வரவில்லை, கடன்காரர் மாறவில்லை, பழைய பாக்கிக்கே முடிவுத் தேதி கிடைக்கிறது. அதனால் இந்த முறைக்குள் சேர்க்கலாம் என்பது எங்கள் கணக்கு.

குறைகள் உண்டு. நகைக்கடையில் தேய்த்ததும் ஏடிஎம்மில் எடுத்த ரொக்கமும் இஎம்ஐயாக மாறாது. தவணை தவறத் தொடங்கிய பிறகு கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். தவறும் முன் கேட்க வேண்டும். தவணை கட்டக் கட்ட லிமிட் திறந்துகொண்டே வரும்; அதுதான் பொறி. ஷாப்பிங் ஆப்களில் சேமித்த கார்டை நீக்குவதும், ஓடிடி சந்தா போன்ற தானியங்கிப் பிடித்தங்களை வேறு கணக்குக்கு மாற்றுவதும் முதல் வாரத்திலேயே நடக்காவிட்டால், இஎம்ஐ ஒரு பக்கம் போகப் புது நிலுவை மறுபக்கம் ஏறும்.

எதை முதலில் அடைப்பது

அதிக வட்டி முதலா, சிறிய கடன் முதலா என்ற சண்டை இணையத்தில் ஓயாது. நடைமுறையில் மூன்றாவது கேள்வி ஒன்று உதவும்: எதை அடைத்தால் மாதப் பணம் சீக்கிரம் விடுபடும்? மீதி 9,000, தவணை 3,000 என்றால் மூன்றே மாதத்தில் மாதம் 3,000 கைக்கு வரும். அதுவும் நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் அவசரப்பட்டு அடைப்பதில் லாபமில்லை. வட்டி ஏற்கெனவே விலையிலோ விட்டுக்கொடுத்த தள்ளுபடியிலோ அடங்கிவிட்டது. தானாக முடியட்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. பர்சனல் லோன் தவணை 7,900, கார்டு இஎம்ஐ 6,088, போன் 3,000, ஒரு லட்சம் கைக்கடனுக்கு வட்டி 2,000. மொத்தம் 18,988. கடன் கணக்குக்கு மாதம் 22,000 போகிறது என்றால் உபரி 3,012. முதல் மூன்று மாத உபரி 9,036 அந்தக் கணக்கிலேயே மெத்தையாகக் கிடக்கட்டும். நான்காம் மாதம் போன் முடிகிறது. இனி வட்டி 2,000 போக 6,012 அசலுக்கு. கார்டை 15க்கு இறக்கிவிட்டதால் இப்போது பட்டியலில் விலையுயர்ந்தது ரெண்டு வட்டிக் கைக்கடன்தான். மாதம் 8,012 அதற்கே போனால், அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து 18 அல்லது 19ஆவது மாதத்தில் முடியும். கைக்கடன் கொடுத்தவர்கள் ஐந்தாயிரம் ஆறாயிரமாக அசல் வாங்க விரும்பமாட்டார்கள். பத்து அல்லது இருபதாயிரமாகச் சேர்த்துக் கொடுத்தால் வாங்குவார்கள்.

அப்போது கார்டில் ஆறு தவணை மீதி இருக்கும், அசல் ஏறக்குறைய 33,430. அடைத்துவிடலாமா? மீதி வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,740 சொச்சம். 3 சதவீத முன் அடைப்புக் கட்டணமும் ஜிஎஸ்டியும் 1,180 சொச்சம். ஐந்நூற்றுச் சொச்சம் மிச்சத்துக்கு 33,000ஐ ஒரே மூச்சில் இழுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்குப் பர்சனல் லோனில் பார்ட் பேமெண்ட் (அசலில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கட்டும்) வாய்ப்பு உண்டா என்று பார்ப்பதே நல்லது.

முறை உடைவது இந்த இடங்களில்தான். ஒரு கடன் முடிந்ததும் "இந்த மாசம் கொஞ்சம் மூச்சு விடலாம்" என்று 22,000ஐ 19,000 ஆக்குவது. ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷனைத் தொடாமல் இருந்தால் கேள்வியே எழாது. தீபாவளியும் பள்ளி ஃபீஸும் முன்கூட்டியே தேதி தெரிந்த செலவுகள். அவற்றுக்குச் சம்பளக் கணக்கில் தனியாகச் சேர்க்காவிட்டால் ஜூனிலும் அக்டோபரிலும் கார்டு வெளியே வரும்.

நகை, புரோநோட்டு

அடகு நகையில் வருடம் ஒருமுறை வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டும் வகை என்றால், மாதம் எதுவும் கேட்காததால் அது பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் மாதம் மொத்தமாக வந்து நிற்கும். மாத வட்டியை இந்தக் கணக்கிலேயே ஒதுக்குவது ஒரு வழி. பல நகை இருந்தால் ஒன்றை விற்று மற்றதை மீட்பது இன்னொரு வழி. வீட்டில் இதற்கு எதிர்ப்பு வரும். ஏலத்துக்குப் போனால் எல்லாம் சேர்ந்து போகும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டத்தான் வேண்டும்.

கைக்கடனில் ஒவ்வொரு முறை அசல் கொடுக்கும்போதும் புரோநோட்டின் (கடனுக்கு எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரத்தின்) பின்புறம் தேதி, தொகையுடன் வரவு வைத்துக் கையெழுத்து வாங்குவதும், அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுப்பதும் கட்டாயம். முடியும்போது நோட்டும், கொடுத்திருந்த வெற்றுக் காசோலையும் கைக்கு வரவேண்டும். கடன் வட்டியோடு சேர்த்து 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்க வருமான வரிச் சட்டம் இடம்தராது. வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும், அதுவே நமக்குச் சாட்சியும்கூட. மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

செட்டில்மெண்ட் விளம்பரங்கள்

"பாதி கட்டினால் போதும்" என்று வரும் நிறுவனங்கள் முதலில் சொல்வது தவணையை நிறுத்துங்கள் என்பதே. நிறுத்தினால் வட்டி ஏறும், வசூல் ஆட்கள் வருவார்கள், வக்கீல் நோட்டீஸ் வரும். அவர்கள் கட்டணம் மட்டும் தவறாமல் போகும். பாதியில் முடித்தாலும் சிபிலில் "செட்டில்டு" என்று நிற்கும், "குளோஸ்டு" என்று வராது. உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர் கடன் கொடுத்தவரிடம் நேரடியாக, எழுத்தில் பேசுவது மேல். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

முடிக்கும்போது

கடன் அடைந்தாலும் கோப்பு அடையாது. கார்டில் முழு நிலுவையைக் கட்டிய பிறகும் பில் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடையிலான வட்டி அடுத்த பில்லில் சில நூறு ரூபாயாக வரும். முடிந்தது என்று பில்லையே பார்க்காமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம் ஏறும். லோனில் ஃபோர்குளோசர் ஸ்டேட்மெண்ட் (முழுதாக அடைக்க எவ்வளவு என்று சொல்லும் சீட்டு) ஒரு குறிப்பிட்ட தேதிவரைதான் செல்லும். இரண்டு நாள் தள்ளிக் கட்டினால் இரண்டு நாள் வட்டி நிற்கும். 37 ரூபாய் பாக்கியில் ஒரு லோன் மாதக்கணக்கில் "ஓவர்டியூ" என்று சிபிலில் கிடப்பதற்குக் காரணம் இதுவே. பாக்கி இல்லை என்ற சான்றான என்ஓசி வாங்கி, மேண்டேட்டை ரத்துசெய்து, ஒன்றரை மாதம் கழித்து சிபிலில் நிலுவை பூஜ்ஜியம், "குளோஸ்டு" என்று பார்த்த பிறகுதான் பட்டியலில் அந்த வரியை அடிக்க வேண்டும். தவறாக இருந்தால் திருத்தக் கேட்கலாம். 30 நாளுக்கு மேல் இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு நமக்கு வரவேண்டும். கார்டை மூடக் கேட்டால் பாக்கி இல்லாத பட்சத்தில் ஏழு வேலை நாளில் மூடியாக வேண்டும். தாண்டினால் நாளுக்கு 500. இரண்டுக்கும் கோரிக்கை வைத்த தேதிதான் ஆதாரம் என்பதால் போனில் சொல்லிவிட்டு விடாமல் மின்னஞ்சலும் அனுப்பிவைப்பது நல்லது.