காட்டுவழி ஓட்டத்தின் தண்ணீர்ப் பந்தல்: ஒரு தொண்டரின் மதிப்பீடு

கணுக்கால் சுளுக்கு இன்னும் முழுமையாக ஆறாததால், மட்டக்களப்பு மாவட்டத்தின் குடும்பிமலைப் பக்கம் நடந்த நெடுந்தூரக் காட்டுவழி ஓட்டத்தில் இம்முறை ஓடாமல், தண்ணீர்ப் பந்தலில் தொண்டராக இருந்தேன். என் நிலையைக் கேட்டறிந்து, கதிரையில் அமர்ந்தவாறே செய்யக்கூடிய, ஓட்டக்காரர்களின் இலக்கங்களைப் பதியும் வேலையை எனக்கு ஒதுக்கிய ஏற்பாட்டாளர்களின் பரிவை மறக்க மாட்டேன். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம்கூட ஏற்படலாம் என்பதால், உப்பும் சர்க்கரையும் கலந்த ஜீவனிக் கரைசலும் உப்பிட்ட மோரும் தோடம்பழத் துண்டுகளும் வைத்திருந்தது மிகச் சரியான முடிவு. வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடுகள் படிந்த சட்டையுடன் வந்த ஒருவர், மூன்று குவளை மோர் குடித்த பின்னரே தம் இலக்கத்தைச் சொன்னார். காயத்தோடு வீட்டில் முடங்கியிருக்கும் ஓட்டக்காரர்கள் இத்தகைய தொண்டுக்குத் தயங்காமல் பெயர் கொடுக்கலாம். ஆயினும் காலை 10 மணிக்குப் பின் நிழல் விலகிவிடுவதால், அடுத்த முறை பந்தலுக்கு இன்னொரு தரப்பாள் அவசியம்.