ஓபியாய்டு பழக்கத்துக்கு மருந்து சிகிச்சை: தினசரி மையமா, பக்கத்து டாக்டரா, மாத ஊசியா?

காலையில் என் தம்பி பத்து நிமிடம் யாருடனும் பேச மாட்டான். நாக்குக்கு அடியில், ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கத்துக்கான புப்ரெனார்ஃபின் மாத்திரை கரைந்துகொண்டிருக்கும். விழுங்கிவிட்டால் மருந்தில் பெரும்பகுதி வீண். கரைந்ததும் ஒரு வாய் தண்ணீரைப் பல்லெல்லாம் படும்படி சுழற்றி விழுங்குவான். பல் தேய்ப்பது அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான்; அந்த மருந்து பல்லைக் கெடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக இதுதான் அவன் காலை. அதற்கு முன் இரண்டு வருடம் நாங்கள் ஏறி இறங்காத படி இல்லை. அப்போது யாராவது இந்த ஒப்பீட்டை உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மருந்துகள் மூன்று: மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன். முதல் இரண்டும் மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்து, போதையை நிறுத்தும்போது உடல் படும் அவதியையும் ஏக்கத்தையும் அடக்குகின்றன. மூன்றாவது அந்த இடத்தை அடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். எந்த மருந்து என்று முடிவெடுத்தால், எந்த மாதிரி டாக்டரைத் தேட வேண்டும் என்பதும் பாதி முடிவாகிவிடும்.

மெத்தடோன்தான் மூத்தது. 1960களில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிவைத்த சிகிச்சை இது. இதன் வேலைக்கு உச்சவரம்பு கிடையாது. நெடுநாள், அதிக அளவில் பழகியவர்களையும் தாங்கிப் பிடிக்கும். அதே காரணத்தால் ஆரம்ப நாட்கள் ஆபத்தானவை. மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போவதால், முதல் நாள் பெரும்பாலும் 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். நிறைய பேருக்கு 60 முதல் 120 மில்லிகிராமில் நிலைப்படும். இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடும் என்பதால் இசிஜி எடுக்கச் சொல்வார்கள். பல நாடுகளில் இதை உரிமம் பெற்ற மையத்தில்தான் தருவார்கள். தினமும் போய், செவிலியர் முன்னால் குடித்துவிட்டு வர வேண்டும். நிலையானவர்களுக்குப் பிறகு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும் உண்டு. தினமும் ஒருவர் முகம் பார்த்து விசாரிப்பதே சிலருக்குப் பெரிய பிடிமானம். இரவு வேலை, தொலைவு, சின்னக் குழந்தை என்று இருப்பவர்களுக்கோ அந்த தினசரி நடையே சிகிச்சையை விடக் காரணமாகிவிடுகிறது.

புப்ரெனார்ஃபின் அப்படியில்லை. ஓர் அளவுக்கு மேல் டோஸ் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதனால்தான் சாதாரண டாக்டர் கையில் கொடுக்கலாம் என்ற துணிச்சல் வந்தது. பிரான்சில் 1995ஆம் ஆண்டுவாக்கில் பொது மருத்துவர்கள் யாரும் இதை எழுதலாம் என்று விட்டார்கள். 1999க்குள் அங்கே ஹெராயின் போன்றவற்றின் அளவு மீறி இறந்தவர்கள் எண்ணிக்கை சுமார் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. அமெரிக்காவில் இதற்கென்று டாக்டர்கள் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2022 இறுதியில்தான் அதை எடுத்தார்கள்.

ஆனால் முதல் மாத்திரையில் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய ஓபியாய்டு உடம்பில் இருக்கும்போதே போட்டால், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு இது உட்காரும். நாங்கள் முதலில் போன டாக்டர் கடைசியாக எப்போது எடுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் தம்பிக்கு வாந்தி, குளிர், சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை. "இந்த மருந்தே எனக்கு ஒத்துக்காது" என்று அவன் அடுத்த ஆறு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஹெராயின் என்றால் வழக்கமாக 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, அவதி வெளிப்படையாகத் தெரிந்த பிறகுதான் தொடங்க வேண்டும். மெத்தடோனிலிருந்தோ, ஃபெண்டனில் என்ற கடுமையான ஓபியாய்டிலிருந்தோ மாறுபவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சிலருக்கு மிகச் சிறு துளி டோஸிலிருந்து ஏற்றுவார்கள். "முதல் டோஸை எப்படித் தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். இதற்கு நிதானமாக விளக்கம் தருபவர்தான் இந்த வேலை தெரிந்த டாக்டர்.

நால்ட்ரெக்ஸோன் மாத ஊசி கேட்பதற்கு மிக அழகு: மாதம் ஒரு முறை, போதை ஏறவே ஏறாது, பழக்கம் ஏற்படுத்தும் மருந்தும் இல்லை. குடும்பத்தினர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். சிக்கல் என்னவென்றால், தொடங்குவதற்கு முன் 7 முதல் 10 நாட்கள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 570 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசிப் பிரிவில் 28 சதவீதம் பேரால் தொடங்கவே முடியவில்லை; புப்ரெனார்ஃபின் பிரிவில் அது 6 சதவீதம்தான். தொடங்கியவர்களை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். இன்னொன்று: ஊசியை நிறுத்திவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, உயிர் போகலாம். உள்நோயாளியாக இருந்து ஏற்கெனவே சுத்தமாகி வெளியே வருபவருக்கு இது நல்ல வழி. தெருவில் தவித்துக்கொண்டிருப்பவருக்கு இல்லை.

சரி, மருந்தே இல்லாமல் பத்து நாள் உள்ளே வைத்து விஷத்தை இறக்கிவிட்டு அனுப்பும் மையங்கள்? 2003இல் ஸ்வீடனில் 40 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. எல்லோருக்கும் நல்ல ஆலோசனை கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் புப்ரெனார்ஃபின் தொடர்ந்தது. மீதிப் பேருக்கு ஆறு நாளில் குறைத்து, பிறகு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஒரு வருடத்தில் மருந்து பெற்றவர்களில் நான்கில் மூன்று பங்கு பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வெறும் மாத்திரைப் பிரிவில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்த 20 பேரில் நால்வர் இறந்துபோனார்கள். என் தம்பியை அப்படிப்பட்ட மையங்களுக்கு இரண்டு முறை அனுப்பியவன் நான். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆக, என் கணக்கு: முதலில் பக்கத்தில் புப்ரெனார்ஃபின் எழுதும் டாக்டர். அது போதாமல் ஏக்கம் அடங்கவில்லை என்றால் தயங்காமல் மெத்தடோன். ஊசி அதற்குப் பிறகு. கர்ப்பிணி என்றால் மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது. மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் அவர்களுக்குக் கொடுக்கப்படுபவைதான். வீடியோவில் பார்க்கும் டாக்டர்களும், சட்டம் அனுமதிக்கும் இடங்களில், தொடர் சிகிச்சைக்கு நன்றாகவே உதவுகிறார்கள்.

டாக்டரைக் கண்டுபிடிக்க மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். இந்த மாத்திரையை யார் எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அப்புறம் போன் போட்டு இரண்டு கேள்வி. "எத்தனை மாதத்தில் நிறுத்துவீர்கள்?" நோயாளியைப் பார்க்கும் முன்பே "மூன்று மாதம்" என்று பதில் வந்தால் அடுத்த எண்ணைப் பாருங்கள். "இடையில் சறுக்கினால் என்ன செய்வீர்கள்?" ஓர் இடத்தில் "பேரை எடுத்துவிடுவோம்" என்றார்கள். இப்போதைய டாக்டர், "அப்போதுதானே நான் அதிகம் தேவைப்படுவேன்" என்றார். போன வருடம் தம்பி சறுக்கியபோது என்னிடம் சொல்வதற்கு முன் அவருக்குத்தான் போன் செய்தான். "காலையில வாங்க, டோஸைப் பார்ப்போம்" என்றாராம். மாத்திரை ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

எந்த வழியில் போனாலும் மதுவும் தூக்க மாத்திரையும் கூடச் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு, டாக்டரிடம் மறைக்காதீர்கள். அளவு மீறி மூச்சு அடங்கும்போது ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்ஸோன் மூக்கு ஸ்பிரே கிடைத்தால் வாங்கி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அம்மாவுக்கும் அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.