பழைய மாருதி 800-க்கு ஒரு மல்டிமீட்டர்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்கும் கருவி), டிடி830டி வகை. பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள், வண்டிக் கணினியிலிருந்து கோளாறைப் படிக்கும் ஸ்கேனருக்கு முன்னால் இதைத்தான் வாங்க வேண்டும். அந்தக் கணினி இல்லாத கார்ப்பரேட்டர் வண்டியில் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது.

என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக முனகியது. பேட்டரியை மாற்றச் சொன்னார் மெக்கானிக். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். இரவு முழுக்கச் சும்மா நின்ற பேட்டரியில் 12.6. ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10.5-க்குக் கீழே இறங்கவில்லை. இன்ஜின் ஓடும்போது 14.1. ஆக, பேட்டரியும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் நன்றாகவே இருக்கின்றன. அப்புறம் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். 1.3 வோல்ட்! அரை வோல்ட்டைத் தாண்டினாலே, கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பாதையில் கோளாறு என்று அர்த்தம். எர்த் ஒயரின் லக்கில் (முனையிலுள்ள உலோக வளையத்தில்) பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வாசலின் தடவி இறுக்கியதும் சட்டென்று ஸ்டார்ட் ஆனது. பேட்டரிக் காசு மிச்சம்.

குறைகளும் உண்டு. ஒயர்கள் மெலிசு, முனைகள் வழுக்குகின்றன. முதலை கிளிப் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். திரையில் விளக்கு இல்லை. முக்கியமாக, 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் கிடையாது. நிற்கும் வண்டியில் பேட்டரியிலிருந்து கரண்ட் கசிகிறதா என்று பார்க்க மட்டும் அந்தத் துளையைப் பயன்படுத்துங்கள், அதுவும் சாவியைத் திருப்பாமல். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி.