பேசியது எந்தச் சேனலில் போனது?

சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஹேண்டி, அதாவது என் கையடக்க வாக்கி-டாக்கி, போன வாரம் திரும்பி வந்தது. பேசும் பொத்தானின் ரப்பர் கிழிந்து, உள்ளே இருந்த சின்ன சுவிட்சும் உப்புக்காற்றில் இறுகிப் போயிருந்தது. 300 ரூபாயில் சரியாகிவிட்டது. அன்றைக்கே ஒரு தம்பியிடமிருந்து போன். அமெச்சூர் வானொலி (ஹாம்) உரிமத்துக்கான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு தேர்வு எழுதித் தேறி, கால்சைனும் (அழைப்புக்குறி) கைக்கு வந்துவிட்டவர். "அண்ணே, நீங்க வச்சிருக்கிறதையே நானும் வாங்கிடவா? மழைக்காலத்துக்கு முன்னாடி வேணும்" என்றார். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இரட்டைப் பேண்டு (இரண்டு அலைவரிசைப் பட்டைகளில் பேசலாம்), பெட்டியில் 5 வாட் என்று போட்டிருக்கும் சீனத் தயாரிப்பு. ஹாம்களில் பாதிப் பேர் இதிலோ இதன் அண்ணன் தம்பியிலோதான் பேச ஆரம்பித்திருப்பார்கள், அதனால் மற்ற விவரம் தேவையில்லை. 2023இல் வாங்கினேன். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

கடலூரில் நாங்கள் செய்வது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. காலை 8.30க்கு மழைமானியைப் பார்ப்போம். வானிலைத் துறையின் மழை நாள் அந்த நேரத்தில்தான் முடிகிறது, நாமும் அதே கணக்கில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். அப்புறம் 8.45க்கு நெட், அதாவது ஹாம்கள் ஒரே சேனலில் கூடி ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது. எந்த ஊர், எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்தப் பக்கம், எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஆரஞ்சு, ரெட் எச்சரிக்கை இருந்தால் அறிக்கையை வெளியான நேரத்தோடு அப்படியே வாசிப்போம். "வானிலைத் துறை சொல்வது" என்று ஆரம்பித்தால் அது அறிக்கை, "நான் பார்த்தது" என்று ஆரம்பித்தால் அது கண்ணால் கண்டது. இரண்டையும் ஒரே மூச்சில் கலந்து பேச எங்கள் நெட்டில் யாரையும் விடுவதில்லை. புயல் சமயத்தில் வதந்தி பாதி அந்தக் கலப்படத்தில்தான் பிறக்கிறது. இது ஒலிபரப்பும் கிடையாது. உரிமம் உள்ளவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறோம், பிறகு அவரவர் தெருவுக்கு அவரவர் போய்ச் சொல்கிறோம்.

இந்த வேலைக்கு ஹேண்டி நன்றாகவே உழைத்தது. கூட வந்த ரப்பர் ஆன்டெனாவில் மஞ்சக்குப்பத்தைத் தாண்டுவதே பாடு. மொட்டை மாடியில் 49 செ.மீ. கம்பிகளை வைத்து ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா செய்து ஏற்றியதும் பண்ருட்டி நண்பரின் குரல் தெளிவாக வந்தது. நடுவில் மலை இல்லை, சமவெளி. கேபிளில்தான் கவனம் வேண்டும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 15 மீட்டர் இழுத்தால் நாங்கள் பேசும் அலைவரிசையில் ஏறக்குறைய பாதி சக்தி கேபிளிலேயே கரைந்துவிடும். நான் அதை 6 மீட்டராகக் குறைத்துவிட்டேன்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. இதில் சாதாரண எஃப்.எம். வானொலியும் கேட்கலாம். வாங்கும்போது அதை விளையாட்டுச் சாமான் என்றுதான் நினைத்தேன். ஆனால் எஃப்.எம். ஓடிக்கொண்டிருக்கும்போது நம் சேனலில் யாராவது பேசினால், பாட்டு தானாக நின்று அவர் குரல் வருகிறது. அவர் முடித்ததும் பாட்டு திரும்புகிறது. மின்சாரம் போன இரவுகளில் வானொலியில் புயல் செய்தி, நடுவில் பண்ருட்டிக்காரர், மறுபடி செய்தி என்று ஒரே பெட்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. என் அம்மாவுக்கு இந்தக் கருவியில் பிடித்த ஒரே விஷயம் இதுதான். எனக்கும் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

சரி, இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

இதில் இரண்டு சேனல்களை மாறி மாறிக் கேட்கும் வசதி இருக்கிறது. திரையின் மேல் வரியில் ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் தூரத்துக்குத் திரும்ப அனுப்பும் நிலையம்), கீழ் வரியில் நேரடிச் சேனல் (ரிப்பீட்டர் இல்லாமல் கருவிக்குக் கருவி நேராக) என்று வைத்திருப்பேன். கேட்பதற்கு இது அருமை. பேசும்போதுதான் ஆபத்து. கடைசியாக எந்தச் சேனலில் சத்தம் வந்ததோ, அடுத்த சில விநாடிகளுக்குப் பொத்தானை அழுத்தினால் அந்தச் சேனலில் போகிறது. அந்தச் சில விநாடி கடந்துவிட்டால் நாம் தேர்ந்தெடுத்து வைத்த சேனலில் போகிறது. எதில் போகப்போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன அம்புக்குறியைத்தான் நம்ப வேண்டும். திரை விளக்கோ சில நொடியில் அணைந்துவிடும். மழையில் நனைந்த கண்ணாடியோடு, இருட்டில், அந்த அம்பை யார் பார்ப்பது?

ஃபெஞ்சல் வந்த வாரம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய புயல் நகராமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை, மயிலத்தில் 50 செ.மீ. அளவுக்கு. டிசம்பர் 2 விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கண்டரக்கோட்டைப் பாலத்தில் தென்பெண்ணை வேகமாக ஏறுகிறது என்று பண்ருட்டி நண்பர் சொன்னார். அதை நான் உடனே நேரடிச் சேனலில், குண்டுஉப்பலவாடி பக்கம் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு மூத்த ஹாமுக்குச் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தி, இடம், நேரம், யார் பார்த்தது எல்லாம் முறையாகச் சொன்னேன். பதில் இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. தூங்கிவிட்டார் போல என்று நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து ரிப்பீட்டரில் ஒருவர், "சார், நீங்க அவரை இங்கே கூப்பிட்டுட்டு இருக்கீங்க" என்றார். அதற்கு முன் ரிப்பீட்டரில் யாரோ பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் முடித்த நொடியில் நான் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், இரண்டு முறையும்.

மூத்தவர் தூங்கவில்லை, காத்திருந்தார். செய்தி கிடைத்ததும் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிட்டார். கிணற்று மோட்டாரைக் கழற்ற நேரம் இல்லாமல் போயிற்று. அதே அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் கீழே வந்தபோது அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே மூழ்கியது. அந்த இருபது நிமிடம் இருந்திருந்தால் மோட்டார் தப்பியிருக்கும். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மெனுவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சு எப்போதும் மேல் வரியிலேயே போகட்டும் என்று பூட்டி வைக்கலாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அப்படிப் பூட்டினால் கீழ்ச் சேனலில் கூப்பிடுபவருக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. பட்டனை மாற்றிவிட்டுத்தான் பேச வேண்டும், பதற்றத்தில் அது மறந்துபோகும். இந்த விலைக்கு இவ்வளவு கொடுக்கிறார்களே என்று மனம் ஒரு பக்கம் சமாதானம் சொல்கிறது. மாட்டைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்ற மனிதரை நினைத்தால் அந்தச் சமாதானம் நிற்பதில்லை. வானிலைச் செய்தியில் என் பேச்சு எங்கே போனது என்பது எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். வாட்டும் பேட்டரியும் அதற்குப் பிறகுதான்.

பேட்டரி பற்றி ஒரு வரி: கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஒரு நாள் முழுக்கத் தாங்குகிறது. ஆனால் அதன் தொட்டிலில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும், அதனால் இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம்.

இப்போது நான் இரட்டைக் கேட்பை அணைத்துவிட்டேன். அதே ரகத்தில் இன்னொன்று வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சேனல் வைத்திருக்கிறேன். சிவப்பு டேப் சுற்றியது ரிப்பீட்டர், நீல டேப் சுற்றியது நேரடி. இருட்டிலும் தெரிய வேண்டும் என்று நீலத்துக்கு மட்டும் இரண்டு சுற்று, விரலால் தடவினால் தடிப்பு புரியும். போன மழைக்காலம் முழுக்க ஒரு செய்திகூடத் தவறான இடத்துக்குப் போகவில்லை.

ஆனாலும் தம்பி, உங்களுக்கு இது வேண்டாம். நான் இரண்டாவது வாங்கினேன் என்பதை வைத்து நீங்களும் வாங்காதீர்கள். புதிதாக ஆரம்பிப்பவர் கையில் முதல் புயலிலேயே இந்த அம்புக்குறி இருக்கக் கூடாது. இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து, ஒரே பேண்டு உள்ள மொபைல் செட் (காரில் பொருத்தும் வகைக் கருவி) ஒன்றை வாங்கி, 12 வோல்ட் பேட்டரியில் போடுங்கள். திரை பெரிதாக இருக்கும், சேனல் எண் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன்னால் ஆன்டெனா வேலையை முடித்துவிடலாம். கம்பிகளை வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை நெட் முடிந்ததும் வாங்க.