பாஸ்கோ ஈர்ப்பு முறுக்குத் தராசு: கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

ஒன்றரைக் கிலோ ஈயக் குண்டு, மையத்துக்கு மையம் 46.5 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் 38.3 கிராம் குண்டை எவ்வளவு விசையோடு இழுக்கும்? சுமார் 1.8 நானோ நியூட்டன். ஒரு மைக்ரோகிராம் தூசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. 1798-இல் ஆங்கிலேய அறிவியலாளர் கேவண்டிஷ் இந்த ஈர்ப்பை அளக்க 158 கிலோ குண்டுகளை வைத்துப் பாடுபட்டார். பாஸ்கோ நிறுவனத்தின் இந்தக் கருவி அதை மேசை மேலேயே முடிக்கிறது. பெட்டிக்குள் மெல்லிய உலோகப் பட்டையில் (தொங்குபட்டை) ஒரு தண்டு தொங்கும்; அதன் இரு முனையிலும் சின்னக் குண்டுகள். வெளியே உள்ள இரண்டு பெரிய குண்டுகள் அவற்றை இழுக்க, பட்டை முறுக்கிக்கொள்ளும்; தண்டிலுள்ள கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளி அந்தத் திருப்பத்தைத் திரையில் காட்டும்.

கருவி அருமை, ஆனால் அவசரக்காரர்களுக்கு ஆகாது. ஒரு முழு அலைவுக்கே சுமார் 8 நிமிடம் ஆகும். தரைத்தளத்தில், கனமான கல் மேசையில், மின்விசிறி இல்லாத அறையில் வையுங்கள். பெட்டியைப் புவித்தொடர்பு (எர்த்) செய்யுங்கள்; தொங்கும் தண்டைப் பூட்டிலிருந்து மெதுவாக விடுவித்து மட்டம் பாருங்கள். நிலைமின்னூட்டம் மிஞ்சினால் அதன் விசை ஈர்ப்பை விழுங்கிவிடும். பெரிய குண்டுகளை மறுபக்கம் திருப்பும்போது பெட்டியில் லேசாக இடித்தாலும் போச்சு: ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். திரை 5 மீட்டரில் இருந்தால் லேசர் புள்ளி மொத்தம் 10 சென்டிமீட்டர் அளவுக்கு நகரும், வகுப்பே பார்க்கலாம்.

கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சின்னக் குண்டின் நிறை இருமடங்கானால் விசையும் இருமடங்காகும், ஆனால் நிலைமத் திருப்புதிறனும் (தண்டு சுழல மறுக்கும் அளவு) கூடவே ஏறுவதால், நாம் தேடும் ஈர்ப்பு மாறிலிக்கான (G) சூத்திரத்தில் அந்த நிறை அடிபட்டுப் போகும். அதை எடைபோட மெனக்கெட வேண்டாம். பெரிய குண்டைச் சரியாக எடைபோடுங்கள். அதைவிட, தூரத்தில் கவனம் வையுங்கள். அங்கே 1 மில்லிமீட்டர் பிசகினால் விடையில் 4 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். எதிர்ப்பக்கத்துப் பெரிய குண்டும் சின்னக் குண்டை இழுப்பதால் விடை சுமார் 7 சதவீதம் குறைவாகவே வரும். மாணவர்கள் வழக்கமாக விட்டுவிடும் திருத்தம் இதுதான்.

கருவியில் நாங்கள் கண்ட குறை ஒன்று. ஒரே நிறையுள்ள ஒரு ஜோடி பெரிய குண்டுகளை வைத்துக்கொண்டு, நிறை கூடினால் விசை கூடும் என்பதை நேரடியாகக் காட்ட முடியாது. அதே 64 மில்லிமீட்டர் விட்டத்தில் பித்தளைக் குண்டு இரண்டு கடைந்து வாங்குங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1.15 கிலோ வரும். விட்டம் மாறாததால் தூரமும் மாறாது. புள்ளியின் நகர்வு கிட்டத்தட்ட கால்வாசி குறைய வேண்டும். மலிவு என்று இரும்புக்குப் போகாதீர்கள், காந்தத் தொல்லை வரும்.

தொங்குபட்டை முடியைவிட மெல்லிய பெரிலியம் செம்பு. பூட்டாமல் கருவியை நகர்த்தினால் அறுந்துவிடும். உதிரிப் பட்டையையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.