என்ஜின் மாற்றுகிறீர்களா? பழைய ஈசிஎம் பெட்டியைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் இறங்கக்கூடாது என்பது வடசென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். முன்னால் போன லோடு வண்டி தாண்டிவிட்டதே என்று நானும் இறக்கினேன். நடுவில் நின்றுபோனது. நின்றதோடு விட்டிருக்கலாம், பதற்றத்தில் இரண்டு தடவை செல்ஃப் வேறு அடித்தேன். உள்ளே போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிட்டது. இன்சூரன்ஸில் என்ஜினுக்கான கூடுதல் கவர் போடவில்லை. சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், கையை விரித்தார்.

வண்டி 2014 டீசல் ஸ்விஃப்ட். ஃபியட்காரன் வடிவமைத்த 1248 சிசி என்ஜின். 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே விட்டுவிட்டதால் பழைய என்ஜின்தான் தேட வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு டிசையர் என்ஜினை 55,000 ரூபாய்க்குப் பிடித்து, சுத்தமாக ஏற்றிக் கொடுத்தார். அவர் வேலையில் குறை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஈசிஎம்மும், அதாவது என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டியும், தண்ணீரில் நனைந்திருந்தது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. "அது லேப்டாப் வேலை சார், நமக்கு வராது" என்று மூலக்கடை பக்கம் ஒருவரிடம் அனுப்பினார்.

மாடியில் ஒரு சின்ன அறை. மேசையில் இரண்டு லேப்டாப், சுவரோரம் திறந்து கிடக்கும் பெட்டிகள். அந்த ஆள் என் ஈசிஎம்மைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். தேங்காய் வாங்குகிற மாதிரி. "போர்டு செத்துப்போச்சு சார். வேற பாக்ஸ் போட்டு புரோகிராம் பண்ணித் தரேன், 16,000." பாதி அட்வான்ஸ் கொடுத்தேன். பழைய பெட்டியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

மறுநாளே ஆளை அனுப்பிப் பெட்டியை மாட்டினார். வண்டி ஸ்டார்ட் ஆனது. மீதிப் பணத்தையும் கொடுத்தேன். இரண்டு நாளில் குணம் தெரிந்தது. ஐடிலில் உடம்பு உதறியது. மூலக்கடை மேம்பாலம் ஏறும்போது நாற்பதைத் தாண்டவில்லை, பின்னால் கரும்புகை. செக் என்ஜின் விளக்கு அணையவே இல்லை. போன் போட்டால், "புது செட்டிங் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்." புதுச் செருப்பா, காலில் போட்டுப் பழக?

மாதவரத்தில் வேறொரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகியவர் திரையை என் பக்கம் திருப்பினார். "சார், ஆர்சியை எடுங்க." திரையில் இருந்த 17 எழுத்து சேசிஸ் நம்பரும் என் ஆர்சியில் இருந்ததும் வேறு வேறு. வேறு யாருடைய வண்டியோ என் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் 90 குதிரைத்திறன் ரக வண்டியின் பெட்டி. ஒரே 1248 சிசிதான், ஆனால் அந்த ரகத்துக்கு டர்போ வேறு. என்னுடையது 74 சொச்சம் குதிரைத்திறன், சாதா டர்போ. இல்லாத டர்போ வால்வைத் தேடித் தேடி, கிடைக்காமல் பவரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது ஈசிஎம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி சாவியில். சாவிக்குள் இருக்கும் சிப்பும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓட வேண்டும்; இம்மொபிலைசர் என்பது இந்தத் திருட்டுத் தடுப்புப் பூட்டுதான். வண்ணாரப்பேட்டையில் 150 ரூபாய்க்கு சிப் இல்லாத வெறும் சாவி வெட்டி வரச் சொன்னார். போட்டுத் திருப்பினேன், ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. 16,000 ரூபாய் புரோகிராமிங் என்பது இதுதான்: பழைய பெட்டி ஒன்றில் இம்மொபிலைசரை அணைத்துவிட்டு மாட்டியிருக்கிறார். கதவைத் திறக்கத் தெரிந்தவன் எவனும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகலாம்.

உண்மையில் செய்ய வேண்டியது குளோனிங். பழைய ஈசிஎம்மைப் பிரித்து, உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் படித்து, அதே பார்ட் நம்பர் உள்ள வேறு பெட்டியில் எழுத வேண்டும். நனைந்த போர்டைக் காயவைத்துச் சுத்தம் செய்தால் பல சமயம் படிக்க முடியும். அப்படிச் செய்தால் சாவியைத் தொடவே வேண்டாம். அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கும், பலர் விட்டுவிடுவது: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீடு. வந்த என்ஜினின் இன்ஜெக்டர் வேறு, குளோனில் இருப்பது பழைய இன்ஜெக்டரின் குறியீடு. நான்கையும் ஸ்கேனரில் புதிதாக ஏற்ற வேண்டும்.

சரி, பழைய பெட்டியை வாங்கி வரலாம் என்று மூலக்கடைக்குப் போனால் முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாவது தடவை ஒரு பெட்டியைக் கொடுத்தார். எனக்கே சந்தேகம் வந்து, சர்வேயர் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் தேடிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்டிக்கர் நம்பர் பொருந்தவில்லை. கிளெய்முக்கு உதவாத போட்டோ இதற்காவது உதவியது. போட்டோவை நீட்டியதும், "அட, பசங்க மாத்தி எடுத்துட்டானுங்க சார்" என்று அலமாரிக்குப் பின்னாலிருந்து என்னுடையது வந்தது. செத்துப்போனதாகச் சொன்ன அந்த போர்டை மாதவரத்துக்காரர் ஒரே மணி நேரத்தில் படித்துவிட்டார். சரியான நம்பர் பெட்டிக்கும் கூலிக்கும் சேர்த்து 9,500.

ஆகவே கழற்றும் முன்பே ஈசிஎம் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். "குளோனா, இம்மொபிலைசர் ஆஃபா?" என்று நேராகக் கேளுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். மீதிப் பணம் கொடுக்கும் முன் ஸ்கேனரில் சேசிஸ் நம்பரைக் காட்டச் சொல்லுங்கள். என்ஜின் நம்பரை ஆர்சியில் மாற்ற ஆர்டிஓ அலுவலகம் போக வேண்டும், அதற்கு என்ஜின் வாங்கிய பில் வேண்டும்; அதையும் கேட்டு வாங்குங்கள்.

குளோன் போட்ட அன்று அந்த 150 ரூபாய் சாவியை மறுபடி போட்டுப் பார்த்தேன். செல்ஃப் சுற்றியது, வண்டி எடுக்கவில்லை, டேஷ்போர்டில் சாவி விளக்கு மினுக்கியது. 16,000 ரூபாயில் ஒரு ரூபாய் கூடத் திரும்பவில்லை. கேட்டால், "அன்னைக்கு வண்டி ஓடுச்சா இல்லையா, சொல்லுங்க சார்" என்கிறார்.